பசியும் முன்பணமும்: ‘எரியும் பனிக்காடு’ நாவலை முன்வைத்துச் சில சிந்தனைகள்

சங்கரன்கோவில் வட்டாரத்து ராயகிரியில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் நீலக்கோடாய்த் தெரியும். மழை பொய்த்த ஆண்டுகளில் இந்தக் கரிசல் பூமியின் ஏழை மக்களுக்கு அந்த மலைகள் காட்சிப் பொருளாக மட்டும் இருந்ததில்லை. வேலையும் கஞ்சியும் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட திசையாகவும் இருந்தன. அத்திசை நோக்கிச் சென்ற நெல்லைச் சீமையின் ஏழைத் தம்பதியர் ஒருவரின் கதையே ‘எரியும் பனிக்காடு’.

இந்நூலின் வரலாறே சிந்தனைக்குரியது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் அவர்கள், முதிய தொழிலாளர் வாயிலாகக் கேட்டறிந்தவற்றைக் கொண்டு ‘ரெட் டீ’ என்னும் பெயரில் ஆங்கிலத்தில் எழுதினார்கள். அது வெளிவந்தது 1969இல். இரா. முருகவேள் அவர்களின் தமிழாக்கம் வெளிவந்ததோ 2007இல். தமிழில் அழுத மக்களின் கதை தமிழுக்கு வந்து சேர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. அரபு மூலங்களைத் தமிழாக்க மாணவர்களைப் பயிற்றுவிக்கும் எனக்கு இது வியப்பாகவே இருந்தது. பொதுவாக மொழிபெயர்ப்பாளர் அயலாரின் பேச்சை நம் வீட்டுக்கு அழைத்து வருகிறார். இங்கோ, அயலூர் சென்றிருந்த நம் பேச்சே வீடு திரும்பியிருக்கிறது. கருப்பனும் வள்ளியும் இந்நூலில் பேசுவதைக் கேட்கையில், இடையில் ஓர் ஆங்கில நூல் இருந்ததையே நாம் மறந்துவிடுகிறோம். மொழிபெயர்ப்பாளரின் வெற்றி என்று இதனைத் துணிந்து கூறலாம்.

இந்நாவலின் தலையாய சிறப்பு, பசியை வானத்தின் குற்றமாக மட்டும் காட்டாமையே ஆகும். இதன் பின்னணியில் நீண்டதொரு வரலாறு உண்டு. 1876–78 பெரும் பஞ்சத்தில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. அப்போதும் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. 1877இல் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் உழைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று விதித்தார். அக்கூலி உயிர் காக்கப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதிட்டார். அத்தகைய பஞ்ச காலங்களில்தான் இலங்கைத் தோட்டங்களை நோக்கிய ஓட்டமும் பெருகியது. மொரீசியசுக்கு 1834 முதலும், பீஜிக்குச் சென்னையிலிருந்து 1903 முதலும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினர். இலங்கைக்கும் ஆனைமலைக்கும் சென்றோரைப் பிணைத்தது பெரிதும் கங்காணியும் மேஸ்திரியும் நீட்டிய முன்பணமே.

முன்பணம் சங்கிலியாக மாறும் விதத்தை டேனியல் அவர்கள் மருத்துவரின் நிதானத்தோடு விவரிக்கிறார்கள். மேஸ்திரி சங்கரபாண்டியன் பணம் நீட்டும்போது அது கருணையாகத் தோன்றுகிறது. ஆண்டிறுதிக் கணக்கில் அதுவே அடிமைச் சீட்டாகிறது. உழைக்க உழைக்கக் கடன் தேயவில்லை, உடல்தான் தேய்கிறது. முன்பணம் பெற்றுப் பணியை விட்டு நீங்குவதைச் சிறைக்குரிய குற்றமாக்கிய 1859ஆம் ஆண்டுச் சட்டத்தையும், சென்னை மாகாணத் தோட்ட முதலாளிகளுக்கென்றே இயற்றப்பட்ட 1903ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அறிந்து படிப்போருக்கு மேஸ்திரியின் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். கடன்பட்டவர் நெருக்கடியில் இருப்பின் வசதி வரும்வரை அவகாசம் அளிக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் பணிக்கிறது. காலனிச் சட்டமோ அந்த நெருக்கடியையே பிணையாக எழுதி வாங்கிக்கொண்டது.

எனினும் நாவல் குறையற்றது அன்று. டாக்டர் ஆபிரகாம் வந்த பிறகு கதையின் பார்வை தொழிலாளரின் குடியிருப்பிலிருந்து மருத்துவரின் மனச்சாட்சிக்கு இடம் மாறிவிடுகிறது. நல்லவர் ஒருவர் வந்தார், நிலைமை மாறத் தொடங்கியது என்ற எண்ணத்துக்கு இது வாசகரைக் கொண்டு செல்கிறது. தம் அனுபவத்தை எழுதும் ஆசிரியருக்கு இது இயல்பே. ஆனால் அம்மக்கள் தாமே முணுமுணுத்த, மறுத்த, தப்பியோட முயன்ற கணங்கள் இன்னும் விரிவாக வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

2013இல் இந்நாவலைத் தழுவிப் பாலா இயக்கிய ‘பரதேசி’ இதற்கு நேர்மாறான பிழையைச் செய்தது. பரிவுமிக்க மருத்துவரின் இடத்தில், கொள்ளைநோய்க்கு நடுவே ஆடிப்பாடி மதம் பரப்பும் கேலிப் பாத்திரம் ஒன்றை அது நிறுத்தியது. மூலத்தை மாற்றும் உரிமை கலைஞனுக்கு உண்டு. ஆனால் உண்மையில் அம்மக்களுக்காக உழைத்த ஒருவரின் நூலிலிருந்தே கதையை எடுத்துக்கொண்டு, அவர் சாயல் கொண்ட பாத்திரத்தையே நகைப்புக்கு உள்ளாக்குவது நன்றியுடைமை ஆகாது. ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் நற்பணி இவ்வாறு ஐயத்துக்குரியதாய்த் திரிக்கப்படும்போது நாம் வாளாவிருத்தல் தகாது. அதே வேளையில், இறுதிக் காட்சியில் நாயகனின் மனைவியும் குழந்தையும் அதே தோட்டத்துக்கு வந்து சேரும்போது எழும் அவலம், கடன் தலைமுறை தாண்டும் என்பதை நாவலுக்கு நிகராகவே உணர்த்துகிறது என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

நூலை மூடிய பின்னும் என்னை விட்டு நீங்காதவர் வெள்ளைத் துரை அல்லர், மேஸ்திரியே. துரைக்கு இம்மக்களின் மொழி தெரியாது. மேஸ்திரிக்கோ எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தெரியும். அவர் நம்மவர். வளைகுடாப் பயணத்துக்காக நகையை அடகு வைத்துத் தரகரிடம் பணம் கட்டி, சொன்ன வேலை ஒன்று, கிடைத்த வேலை ஒன்று என்று திகைத்து நின்ற இளைஞர்கள் நம் மஹல்லாக்களிலும் உண்டு. அவர்களை அனுப்பிவைத்த தரகரும் பெரும்பாலும் உறவினரே. கப்பலும் தோட்டமும் மாறின. பசித்தவன் வீட்டு வாசலில் இனிய சொல்லோடு வந்து நிற்பவர் மாறவில்லை. துரையைச் சபிப்பது எளிது. ‘எரியும் பனிக்காடு’ நம்மை நோக்கிக் கேட்பது அதனினும் கடினமான கேள்வி: அடுத்த வீட்டில் அடுப்பு எரியாத நாளில், மேஸ்திரிக்கு முன்னே அங்கு சென்றவர் நம்மில் யார்?