ஆர்.பி.ஜி. கேம்களில் ஆழம் குறைந்துவிட்டதா?

"அந்தக் காலத்து ஆர்.பி.ஜி. மாதிரி வருமா" என்று பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். சிதம்பரத்தில் பி.ஈ. படித்த நாட்களில் மாரோவிண்ட் (2002) பிடித்த பழக்கம். சொல்வது நிஜமா, வயசான ஏக்கமா? சோதித்துப் பார்க்க, போன மாதம் கடலூர் வீட்டில் அதையும் அதே வரிசையில் வந்த ஸ்கைரிமையும் (2011) மாற்றி மாற்றி விளையாடினேன்.

முதலில் எண்ணிக்கை. மாரோவிண்டில் 27 திறன்கள், ஆப்லிவியனில் (2006) 21, ஸ்கைரிமில் 18. பழைய ஆட்கள் இந்தக் கணக்கோடுதான் சண்டைக்கு வருவார்கள். எனக்கு இது பெரிய ஆதாரமாகப் படவில்லை. மாரோவிண்டில் கத்தி எதிரி மேல் படுவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பகடை உருண்டு, படவில்லை என்று முடிவாகும். அது ஆழம் இல்லை, எரிச்சல்.

நிஜமான வித்தியாசம் வழி சொல்வதில் இருக்கிறது. சிதம்பரத்தில் இறங்கி யாரையாவது கேட்டால், "கீழ வீதியிலே நேரா போங்க, தெற்கு வீதி திரும்பினதும் கேளுங்க" என்பார்கள். மாரோவிண்ட் ஆட்களும் அப்படித்தான் சொல்வார்கள். தப்பாகப் போனால் அலைய வேண்டியதுதான். ஆப்லிவியனில் திசைகாட்டிக் குறி வந்தது. ஸ்கைரிமில் அந்தக் குறியைக் கண்டுகொள்ளாமல் ஆடிப் பார்த்தேன். பல வேலைகளில் இடத்தின் பெயர் கிடைக்கிறது, வழி கிடைக்கவில்லை. குறியை நம்பியே வசனம் எழுதியிருக்கிறார்கள்.

ஏன்? மென்பொருள்காரனாக என் கணிப்பு இது. எழுத்து மட்டும் என்றால் ஒரு வரியை மாற்றுவது சுலபம். மாரோவிண்ட் பெரும்பாலும் எழுத்துதான். ஆப்லிவியனில் எல்லா வசனத்துக்கும் குரல். ஒரு குகை இடம் மாறினால் நடிகரை மறுபடி கூப்பிட வேண்டும். ஃபால்அவுட் 4 (2015) நாயகனுக்கும் குரல் கொடுத்தது; பேச்சில் நாலு பதிலோடு நிறுத்திக்கொண்டது.

அதற்காகப் புதுசெல்லாம் மோசம் என்று சொல்ல முடியாது. முழுக்கக் குரல் உள்ள பால்டர்ஸ் கேட் 3 (2023) தேர்வுகளை வாரி இறைக்கிறது. அதற்குப் பின்னால் பெரிய பணமும் பல வருஷ உழைப்பும் இருக்கிறது. பணமில்லாத வழியும் உண்டு. நம் நாட்டுச் சிறிய குழுவான பைரோடாக்டைல் 2014-ல் அன்ரெஸ்ட் வெளியிட்டது. பழங்கால இந்தியா போன்ற கற்பனை நாடு, அங்கே பஞ்சம். உலகைக் காக்கும் வீரன் கிடையாது, அத்தியாயத்துக்கு ஒரு பாத்திரம். அதில் ஒருத்தி, வீட்டில் கல்யாணம் பேசப்படும் கிராமத்துப் பெண். சண்டையைவிடப் பேச்சுதான் ஆட்டம். சூடு பிடிக்கும்போது முடிந்துவிடுகிறது என்பது என் குறை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாரோவிண்டில் அரை மணி நேரம் அலைந்ததும் நானே இணையத்தில் வரைபடம் தேடினேன். இருபது வயதில் ஒரு ராத்திரி முழுக்க அலைந்திருப்பேன். ஆக, குறைந்ததில் கொஞ்சம் என் பொறுமை.

இப்போதெல்லாம் மகளிடம் "அந்தக் காலத்துல" என்று ஆரம்பிப்பதில்லை. "குறியைப் பார்க்காம ஆடினா, இந்த கேம் உனக்கு வழி சொல்லுமா?" என்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் ஆடும் கேமிலும் ஒரு தடவை முயன்று பாருங்கள்.