முதுகு வலி: ஓர் ஆராய்ச்சியாளரின் கணக்கு

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரை நீங்கள் பார்த்திருக்கலாம். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில், குடவோலைத் தேர்தலின் விதிகள் அங்கே கல்லில் வெட்டப்பட்டன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று.

அறிவியலிலும் இப்படி ஒரு விதி உண்டு. ஆராய்ச்சியாளர் தாம் கண்டதை வெளியிட்டு, பிறர் சோதித்துப் பார்க்க இடம் தரவேண்டும். அவருடைய கட்டுரைகளே அவர் ஊருக்குக் காட்டும் கணக்கு. ஆனால் நாமோ கணக்கேட்டின் நீளத்தைப் பார்த்து வியக்கிறோம், உள்ளே புரட்டுவதில்லை. இம்முறை ஓர் ஏட்டைப் புரட்டுவோமா?

உத்திரமேரூர் ஏரிப் பாசன வயல்களில் நாள் முழுதும் குனிந்து நாற்று நடுபவர்களுக்கு இடுப்பு வலியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020 ஆம் ஆண்டில் உலகில் சுமார் 61.9 கோடிப் பேருக்கு இவ்வலி இருந்ததாக மதிப்பிட்டுள்ளனர். இத்துறையில் தமிழ்நாட்டிலிருந்து பல்லாண்டுகளாக எழுதி வருபவர் கோவை கங்கா மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் எஸ். ராஜசேகரன்.

அவருடைய தொடக்கக் கட்டுரைகள் முதுகெலும்புக் காசநோயைப் பற்றியவை. கூன் எவ்வளவு விழும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் வழியைப் பேராசிரியர் டி.கே. சண்முகசுந்தரத்துடன் சேர்ந்து 1987 இல் வெளியிட்டார். பின்னர் 61 குழந்தைகளை 15 ஆண்டுகள் கவனித்து 2001 இல் எழுதினார். நோய் ஆறிய பின்னும் சிலருக்குக் கூன் வளர்ந்துகொண்டே போகிறது, அவர்கள் யார் என்பதை எக்ஸ்ரே படத்தின் அடையாளங்களால் முன்பே அறியலாம் என்பது அதன் முடிவு. பதினைந்து ஆண்டு பொறுமை ஒரே ஒரு கட்டுரையாக எண்ணப்படுகிறது. எண்ணிக்கை எவ்வளவு மோசமான அளவுகோல் என்பது இதிலிருந்தே விளங்கவில்லையா?

அடுத்து அவர் எடுத்துக்கொண்டது முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல அமைந்த வட்டு. நாம் 'டிஸ்க்' என்கிறோமே, அதுதான். வளர்ந்தவர்களின் வட்டுக்குள் இரத்தக் குழாய் இல்லை. எலும்பை ஒட்டிய மெல்லிய முனைத்தட்டு வழியே உணவு கசிந்து செல்லவேண்டும். உயிருள்ள மனிதரிடம் இக்கசிவை எம்.ஆர்.ஐ. படங்களால் தொடர்ந்து பார்த்து, முனைத்தட்டின் பங்கை 2004 இல் காட்டினார். அக்கேள்வியே அடுத்த ஆய்வுக்கு வித்திட்டது. வட்டு பிதுங்கிய 181 பேரை ஆராய்ந்த 2013 ஆம் ஆண்டுக் கட்டுரை, வட்டின் வெளிவளையம் கிழிவதைவிட முனைத்தட்டுச் சந்திப்பு விட்டுப்போவதே மிகுதி என்றது. ஒரு கட்டுரையின் விடை அடுத்த கட்டுரையின் கேள்வியாவது நல்ல கணக்கின் அடையாளம்.

வட்டுச் சிதைவுக்குக் கிருமித் தொற்று தொடக்கமாக இருக்குமோ என்று 2017 இல் புரதங்களை ஆராய்ந்து கேட்டார். வட்டில் கிருமியின் சுவடு இருப்பது வேறு, கிருமிதான் காரணம் என்பது வேறு. நாள்பட்ட இடுப்பு வலிக்கு மூன்று மாதம் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துப் பார்த்த நார்வே நாட்டுச் சோதனை, குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்று 2019 இல் அறிவித்தது. ஆகவே இந்த வரி கணக்கில் இன்னும் நிலுவையாகவே நிற்கிறது.

நமக்கு மிக நெருக்கமானது 2021 ஆம் ஆண்டுக் கட்டுரை. இடுப்பு வலியுள்ள 44 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் உள்ளதை உள்ளபடி விளக்கினார்கள். மற்றக் குழுவிடம், 'இவை வயதுக்கேற்ற மாற்றங்களே, அஞ்சவேண்டாம்' என்றார்கள். சிகிச்சை ஒன்றுதான். ஆயினும் ஆறு வாரத்துக்குப் பின் முதற் குழுவினரே அதிக அச்சத்துடனும் குறைந்த முன்னேற்றத்துடனும் இருந்தனர். அறிக்கையின் சொல்லே வலியை நீட்டித்துவிட்டது! வலியே இல்லாத இருபது வயதினரிலும் நூற்றுக்கு 37 பேருக்கு வட்டுத் தேய்மானம் படத்தில் தெரிவதாக 2015 ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று கூறுவதையும் இதனுடன் சேர்த்து எண்ணுங்கள்.

குறைகளையும் சொல்லவேண்டும். 44 பேர் சிறிய தொகை; ஆறு வாரம் சிறிய காலம். மேலும், இங்கே நாம் பார்த்த அவருடைய கட்டுரைகளில் வரும் நோயாளிகள் மருத்துவமனையை நாடி வந்தவர்கள். ஒருநாள் கூலியை இழக்க முடியாமல், வலியோடு வயலுக்குப் போனவர் இந்த எண்களுக்குள் இல்லை. அவருடைய முதுகுக்கும் இம்முடிவுகள் பொருந்துமா என்பதை வயலுக்குச் சென்றுதான் அறியவேண்டும். உத்திரமேரூர் விதிகள் ஊரார் மொழியில் கோயில் சுவரில் இருந்தன. இக்கணக்கோ ஆங்கில ஏடுகளில் இருக்கிறது.

மாணவர்களே, இனி யாரேனும் 'நூற்றுக்கணக்கில் கட்டுரை எழுதியவர்' என்று ஒருவரைப் புகழ்ந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். யாரை வைத்து ஆராய்ந்தார்? எவ்வளவு காலம் கவனித்தார்? அதனால் நோயாளிக்கு என்ன மாறியது?

உங்கள் வீட்டில் ஒருவர் 'தேய்மானம்' என்று எழுதிய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு படுக்கையிலேயே கிடந்தால், இக்கட்டுரையைப் படித்துக் காட்டுங்கள். கால் மரத்து வலுவிழத்தல், சிறுநீர் கட்டுப்படாமை, காய்ச்சல் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவை இல்லையென்றால், பெரும்பாலோருக்கு மெல்ல எழுந்து நடப்பதே நல்ல மருந்து.