சிவப்பில் எத்தனை சிவப்பு

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரும் வழியில், தொழிற்சாலைச் சுற்றுச்சுவருக்கும் மழைநீர்க் கால்வாய்க்கும் இடைப்பட்ட புல்லில் ஒரு செம்மறி மந்தை நகர்ந்துகொண்டிருக்கும். கம்பெனி பஸ்ஸில் போகிறவருக்கு அத்தனையும் ஒரே பழுப்பு. இறங்கி நின்று பார்த்தால்தான் தெரியும், இரண்டு ஆடுகளின் நிறம் ஒன்றாக இல்லை. இளங்காவியில் தொடங்கிக் கருஞ்சிவப்பு வரை போகிறது. சிலவற்றுக்கு நெற்றியில் வெள்ளை. சிலவற்றுக்கு உள்தொடையிலும் அடிவயிற்றிலும் வெள்ளை. அது நடக்கும்போது மட்டும் தெரிந்து மறையும். சென்னைச் சிவப்பு, ஆங்கிலப் பேச்சில் மெட்ராஸ் ரெட் என்கிற இனம் இது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம்தான் இதன் சொந்த மண்.

உடம்பில் கம்பளி கிடையாது, குட்டை முடி மட்டும். யாரும் கத்தரிப்பதில்லை. கம்பளி ஆட்டை விற்கிறவன் எலும்பை மயிருக்குள் ஒளித்துவைக்கலாம். இந்த ஆட்டில் ஒளிக்க இடமே இல்லை. விலா ஒட்டியிருந்தால் விலா தெரியும், தொடை பிடித்திருந்தால் தொடை தெரியும். காது நடுத்தர நீளம், தொங்கும். வால் சிறியது, மெல்லியது. பெட்டைக்குக் கொம்பில்லை. கிடாவின் கொம்போ வரிவரியாக மடிப்பு விழுந்து முறுக்கிக்கொண்டு போகும். அந்த அலங்காரத்துக்குச் சந்தையில் தனி விலை உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

கறிக்காக உயர்ரகக் கால்நடை வளர்த்து லாபம் பார்ப்பது என்றால் உலகம் மாட்டைத்தான் நினைக்கும். நம் பக்கத்தில் மாடு அந்த வழியில் வளரவில்லை. உழுது, பால் கொடுத்து, கடைசியில்தான் அது கறிக்கடைக்குப் போகிறது. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டமும் பத்து வயது தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் ஆகாது என்றோ, காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியது என்றோ சான்று பெற்ற மாட்டையே வெட்ட விடுகிறது. ஆனால் வேடிக்கை பாருங்கள். பழைய சென்னை மாகாணத்து நெல்லூர், ஓங்கோல் சீமையின் வெள்ளை மாடு 19-ஆம் நூற்றாண்டிலேயே கப்பலேறிப் பிரேசில் போய், 'நெலோர்' என்ற பெயரில் அந்த நாட்டு மாட்டிறைச்சிக்கே ஆதாரமாகிவிட்டது. அவற்றில் வியாட்டினா-19 என்ற ஒரு பசுவுக்கு 2023-இல் போடப்பட்ட மதிப்பு 40 லட்சம் டாலருக்கும் மேல். நம் ஊர்க்காரன் அதே பொறுமையையும் அதே கண்ணையும் வைத்தது இந்தச் சிவப்பு ஆட்டின்மேல். உருவம் சிறிது: கிடா ஏறக்குறைய 35 கிலோ, பெட்டை 25-க்குள்ளேயே நின்றுவிடும்.

நல்ல ஆடு எது என்பதைக் கண் பாதிதான் சொல்லும், மீதியைக் கை சொல்ல வேண்டும். வியாபாரி ஆட்டை முகத்துக்கு நேராக நின்று பார்த்து வெகு நேரம் கழிப்பதில்லை. பக்கவாட்டில் வந்து, கடைசி விலாவுக்குப் பின்னால், இடுப்புக்கு முன்னால் முதுகின்மேல் கையை வைக்கிறான். கட்டைவிரல் நடுமுள்ளெலும்பின்மேல், மற்ற விரல்கள் பக்கத்து எலும்பு முனைகளுக்கு அடியில் நுழைகின்றன. முனை கூராகக் குத்தினால் ஆடு பட்டினி. விரலை அழுத்தினால்தான் எலும்பு தட்டுப்படும் என்றால் சதை பிடித்திருக்கிறது. எவ்வளவு அழுத்தியும் எலும்பே கிடைக்கவில்லை என்றால் அது கொழுப்பு. கடைக்காரன் வெட்டி எறியப்போகிற பகுதிக்குக் காசு கொடுக்க வியாபாரி தயாரில்லை. இதே தொடுதலை மதிப்பெண்ணாக்கி 1961-இல் டாஸ்மேனியாவில் எழுதிவைத்தார்கள். இன்று உலகத்துக் கால்நடைக் கல்லூரிகளெல்லாம் அதைப் பாடமாக நடத்துகின்றன. நம் வியாபாரியின் கைக்கு மதிப்பெண் இல்லை, நேரே ரூபாய்தான்.

அடுத்தது வாய். கீழ்த்தாடையில் எட்டு முன்பற்கள், மேலே வெறும் ஈறு. பாற்பல் எட்டும் இருந்தால் 'பல் போடாத குட்டி'. நடு இரண்டும் விழுந்து அகலமாக முளைத்தால் 'ரெண்டு பல்'. வயது ஒன்று முதல் ஒன்றரை. நாலு பல் என்றால் இரண்டு வயதை நெருங்குகிறது. பிறகு ஆறு, பிறகு கடைசிப் பல். உதட்டை விலக்கிவிட்டு மூடுவதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடி. அதற்குள் கறியின் இளசு, வேகும் நேரம், எந்தக் கடைக்கு எது போகும் என்பதெல்லாம் முடிவாகிவிடுகிறது.

லாபத்தின் நுணுக்கம் எனக்குப் பஞ்சாங்கத்தில்தான் மிக அழகாகப் படுகிறது. சினைக்காலம் ஏறத்தாழ ஐந்து மாதம். ஆடியில் சினைப்பட்ட பெட்டை மார்கழியில் ஈனும். அந்தக் குட்டி தைக்குப் பிறகு அறுத்த வயலில் தாயோடு மேயும்; கோடையை எப்படியோ ஒப்பேற்றும். ஆடிக் கூழுக்கு முந்தி விற்றால் எடை போதாது. ஆவணியில் நல்ல உருவம் வரும்போது எதிரே புரட்டாசி நிற்கிறது. பாதி ஊர் கறியைத் தொடாத மாதம், விலை படுத்துவிடும். கையில் காசில்லாதவன் அப்போது விற்கிறான். ஒரு மாதம் தாங்குகிறவன் ஐப்பசியில், தீபாவளிக்கு, பத்து மாதக் குட்டியாக விற்கிறான். ஒரே ஆடு, ஒரே கை, இடையில் ஒரு மாதத் தீனி. வித்தியாசம் அவ்வளவும் அந்தத் தாங்கும் சக்திக்குக் கிடைத்த கூலி. பக்ரீத் இந்தக் கணக்குக்குள் அடங்காது, பிறையோடு நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு ஊனமில்லாத கிடா வேண்டும்: ஒடியாத கொம்பு, கிழியாத காது. அந்த முறுக்குக் கொம்பு அப்போதுதான் பணமாகிறது. அதனால் விவரமறிந்தவர் கிடாக்களை முட்டிக்கொள்ள விடுவதில்லை.

தீனியும் இந்தத் தொழிற்சாலைத் தடத்துக்கென்றே அமைந்த தீனி. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ நிசான், பாரத்பென்ஸ், ராயல் என்ஃபீல்டு என்று ஒவ்வொன்றாக வேலி போட்டபோது மேய்ச்சல் நிலம் சுருங்கியது உண்மை. ஒதுக்கப்பட்டும் கட்டடம் எழாத மனைகளில் புல் எழுந்ததும் உண்மை. ஓரத்தில் வேலிக்காத்தான்; அதன் இனிப்புக் காயை ஆடு தரையிலிருந்து பொறுக்கித் தின்னும். மேயப் போதாத நாளில் மணிலாக் கொடி. நல்ல மேய்ப்பவர் மந்தையைக் காற்றை எதிர்த்து மெல்ல நடத்துவார், ஓட்டமாட்டார். ஓடிய ஆடு மேய்ந்ததைக் காலுக்குக் கொடுத்துவிடும்.

மழை பெய்து புல் குபீரென்று வரும் நாளில்தான் பயம். துள்ளுமாரி என்பார்கள். குடலில் முன்பே இருக்கும் கிருமி செழித்த தீனியில் திடீரெனப் பெருகி நஞ்சு கக்கும். ஆடு துள்ளி விழுந்து சாகும். அது எடுத்துக்கொள்வது மெலிந்த குட்டியை அல்ல. நன்றாகத் தின்று, முதுகு நிறைந்து, தீபாவளிக்கென்று கண்வைத்திருந்த குட்டியைத்தான் முதலில் எடுக்கும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டவருக்கே அந்த முதுகு மிஞ்சும்.

இவ்வளவு கவனித்து வளர்த்ததை விற்பது மட்டும் உருப்படிக் கணக்கில். சுற்றிலும் உள்ள பட்டறைகளில் இரும்பின் தடிமனைக்கூட மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கில் அளக்கிறார்கள். இங்கே தராசு இல்லை. வியாபாரி முதுகில் கைவைத்து, இடுப்பில் ஒரு தூக்குத் தூக்கி, எத்தனை கிலோ கறி விழும் என்று மனசுக்குள் போட்டுவிடுகிறான். உயிரெடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் கறி என்பது அவனுக்குப் பாடம். அந்தக் கணிப்பின் துல்லியம் ஒரு கலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கலையின் முழுப் பலனும் ஒரு பக்கமே சேர்கிறது. மேய்ப்பவரின் கை வியாபாரியின் கைக்கு இளைத்ததல்ல. ஒவ்வொரு குட்டியையும் பிறந்த நாளிலிருந்து தொட்டறிந்த கை அது. இருந்தும் விலை பேசும்போது, "பாத்துக் குடுங்கண்ணே" என்று நிறுத்திக்கொள்கிறது. ஒரு தொங்கு தராசு மரக்கிளையில் மாட்டியிருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

கிடா விஷயத்தில் நஷ்டம் இன்னும் ஆழம். மந்தையிலேயே வேகமாக வளர்ந்த கிடாக்குட்டிதான் முதலில் கண்ணில் படும், முதலில் விலைபோகும். பின்தங்கியது மந்தையில் தங்கி அடுத்த தலைமுறைக்குத் தகப்பனாகும். இதைத் திருப்பிப்போடுகிற வேலையைக் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் நிலையம் செய்கிறது (பூந்தமல்லிப் பக்கத்துக் காட்டுப்பாக்கம் அல்ல, காட்டாங்கொளத்தூர் அருகே இருப்பது). உழவர் மந்தைகளுக்கே போய்ப் பிறந்த எடை, மூன்று மாத எடை, ஆறு மாத எடை என்று குறித்து, தேர்ந்த கிடாக்களை மந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். பிறக்கும்போது இரண்டரை கிலோ அளவில் இருக்கும் ஒரு செங்குட்டியைத் தராசில் வைத்து நோட்டில் எழுதுவது பெரிய காட்சியொன்றுமில்லை. ஆனால் எந்தக் கிடாவை விற்கக்கூடாது என்று அந்த நோட்டு சொல்லிவிடுகிறது. அதை ஓர் ஆண்டு விற்காமல் வைத்திருந்தவரின் பட்டியில், அடுத்த மார்கழிக் குட்டிகளின் முதுகைத் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் விரலுக்கே தெரிகிறது.