நடந்தால் பேசும் தீவு

கணிப்பொறி விளையாட்டு என்றதும் உங்கள் நினைவுக்கு வருபவை யாவை? துப்பாக்கி, பந்தயக் கார், மதிப்பெண் ஆகியவைதாமே? இவற்றுள் ஒன்றுகூட இல்லாத விளையாட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் 'டியர் எஸ்தர்'.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் பின்ச்பெக், 2004-இல் வெளிவந்த 'ஹாஃப்-லைஃப் 2' என்னும் சுடும் விளையாட்டின் மென்பொருளைக் கொண்டே 2008-இல் இதன் முதல் வடிவத்தை அமைத்தார். ராபர்ட் பிரிஸ்கோ காட்சிகளைப் புதிதாக உருவாக்கிய பின், 2012-இல் இது விற்பனைக்கு வந்தது.

இதில் நீங்கள் செய்யக்கூடியவை நடப்பதும் பார்ப்பதும்தான். இடம், ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஆளற்ற ஒரு தீவு. இடிந்த குடிசைகள், குகைகள், தொலைவில் செவ்விளக்கு மினுக்கும் வானொலிக் கோபுரம். நடக்க நடக்க, எஸ்தருக்கு எழுதிய கடிதங்களை ஓர் ஆணின் குரல் படிக்கிறது. அவள் அவனுடைய மனைவி என்பதும், கார் விபத்தில் இறந்தவள் என்பதும் மெல்ல விளங்குகின்றன.

இது எப்படி நடக்கிறது? தீவின் பாதைகளில் கண்ணுக்குப் புலப்படாத எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. நீங்கள் ஒன்றைத் தாண்டியதும், பதிவு செய்து வைத்த பகுதிகளுள் ஒன்றைக் கணிப்பொறி குருட்டாம்போக்கில் எடுத்து ஒலிக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து இடங்கள், இடத்துக்கு மூன்று பகுதிகள் என்று வைத்துக்கொண்டால், 59,049 விதமாகக் கதை அமையலாம்! ஆகவே நீங்கள் கேட்ட கதையும் உங்கள் நண்பர் கேட்ட கதையும் ஒன்றாக இரா.

நடந்துகொண்டே கதை அறிவது நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுக்குச் சென்று பாருங்கள். 8-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் எழுப்பிய அக்கோயிலில், பல்லவர் வரலாறு சுவரெங்கும் புடைப்புச் சிற்பங்களாக ஓடுகிறது. சிலவற்றின் அருகே விளக்க எழுத்துகளும் உண்டு. இரண்டாம் பரமேசுவரவர்மனுக்குப் பின் அரியணைக்கு உரியவர் இல்லாதபோது, வேறு கிளையிலிருந்து இளம் வயதில் அழைத்துவரப்பட்டவன் நந்திவர்மன். தன் உரிமையை அவன் உலகுக்கு நிலைநாட்ட வேண்டியிருந்தது. அதற்கு முன்னோர் முறை பிறழாமல் வரவேண்டும். வரிசை குலைந்தால் வாதமே குலைந்துவிடும்.

எஸ்தரின் கணவனுக்கு நிலைநாட்ட எதுவுமில்லை. துக்கத்தில் நினைவுகள் முறைவைத்தா வருகின்றன? எனவே இங்கே குருட்டாம்போக்கு கதைக்குப் பொருந்துகிறது. தீவில் வரையப்பட்டுள்ள எத்தனால் மூலக்கூற்றின் படத்தைக் கவனியுங்கள். எத்தனால் என்பது சாராயத்தில் உள்ள ஆல்கஹால். விபத்தன்று ஓட்டுநர் குடித்திருந்தாரா என்ற ஐயத்தை ஒரு வேதியியல் படமே கிளப்பிவிடுகிறது. குரல் அதற்குத் தெளிவான விடை தருவதில்லை.

குறைகளும் உண்டு. நடையின் வேகத்தைக் கூட்ட இயலாது. முட்டுச்சந்தில் அகப்பட்டால் வந்த வழியே ஊர்ந்து திரும்ப வேண்டும். ஆங்கில நடையோ அலங்காரம் மிகுந்தது. தமிழ் வழியில் பயின்றவர் அதைக் காதால் மட்டும் கேட்டுத் தொடர்வது கடினம். கோயில் சுவரின் முன் எத்தனை நேரமும் நிற்கலாம். இங்கே கடந்துபோன குரலைத் திரும்ப அழைக்க வழியில்லை.

ஆயினும், சுடுவதற்கென்று அமைத்த கருவியைத் துயரைச் சொல்லப் பயன்படுத்தியது பெரிய செயலே. நம் மாணவர் எவரேனும் தமிழில் இத்தகையதொன்றை ஆக்க முனைந்தால், முதலில் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: என் கதைக்கு வரிசை வேண்டுமா, வேண்டாமா?