லில்லிச் செடிகள் எங்கிருந்து வந்தன?

தமிழில் தீவிரமாக வாசிக்க ஆரம்பிக்கிற ஒருவருக்குக் கிறிஸ்தவம் பெரும்பாலும் ருஷ்யாவிலிருந்துதான் வந்து சேர்கிறது. ரஸ்கோல்னிகவ், சோனியா, அல்யோஷா, 'புத்துயிர்ப்பு' நாவலின் நெஹ்லூதவ். கொலை, குற்றவுணர்வு, கண்ணீர், மண்ணில் விழுந்து முத்தமிடுதல். இறைநம்பிக்கை என்றாலே ஓர் உச்சகட்டம் என்று மனதில் பதிந்துவிடுகிறது. ஆனால் ஒரு சாதாரண விசுவாசிக்கு வாழ்க்கையில் எத்தனை உச்சகட்டம் வந்துவிடும்? மிச்ச நாளெல்லாம் அவர் என்ன செய்கிறார்? திங்கட்கிழமை காலையில் அந்த நம்பிக்கை எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியை நேராகக் கையில் எடுத்த நாவல் மெரிலின் ராபின்சனின் 'கிலியட்'. 2004இல் வெளிவந்து 2005இல் புலிட்சர் பரிசு பெற்றது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிலியட் என்ற கற்பனைச் சிற்றூர். வருஷம் 1956. ஜான் ஏம்ஸ் என்ற 76 வயதுப் போதகருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. ரொம்பத் தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டவர். மகனுக்கு இன்னும் ஏழு வயதுகூட ஆகவில்லை. அவன் வளர்ந்தபிறகு படிப்பதற்காக ஒரு நீண்ட கடிதம் எழுதுகிறார். அந்தக் கடிதம்தான் நாவல்.

"எதுவுமே நடக்கல, பாதியிலேயே மூடி வெச்சுட்டேன்" என்று இந்த நாவலைப் பற்றிச் சொல்கிறவர்கள் உண்டு. ஒருவகையில் நியாயமான புகார்தான். புல்வெளியில் குழாய்த் தண்ணீர் தெறிப்பதைப் பார்க்கிறார், எழுதிவைக்கிறார். சின்ன வயசில் நண்பர்களோடு சேர்ந்து பூனைக்குட்டிகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததை நினைத்துப் பார்க்கிறார். மின்னல் விழுந்து எரிந்துபோன தேவாலயத்தை ஊரே மழையில் சேர்ந்து அப்புறப்படுத்தியபோது, அப்பா சாம்பல் படிந்த கையால் தனக்கு ஒரு பிஸ்கட் தந்தாரே, அதைத் திருவிருந்தாகவே ஞாபகம் வைத்திருக்கிறார். இப்படியே பக்கங்கள் போகின்றன.

ஆனால் இவை அலங்காரத்துக்காக வைத்த காட்சிகள் கிடையாது. ஏம்ஸின் விசுவாசம் வேலை செய்கிற விதமே இதுதான். கடவுள் இருக்கிறார் என்று அவர் யாரிடமும் வாதாடுவதில்லை. கடவுளை மனிதனின் பிரதிபலிப்பு என்று சொன்ன ஃபாயர்பாக்கின் புத்தகத்தைப் படித்து, மகிழ்ச்சியைப் பற்றி இந்த மனுஷன் எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறார் என்று மெச்சுகிறார். அவருடைய விசுவாசம் ஒரு கருத்தாக இல்லை, கவனிக்கும் பழக்கமாக இருக்கிறது. தண்ணீரை ஐம்பது வருஷமாகக் குழந்தைகளின் நெற்றியில் வைத்த கைக்குத் தண்ணீர் வேறாகத் தெரிகிறது. அவ்வளவுதான்.

'விசுவாசம்' என்ற சொல்லையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாய்க்கும் விசுவாசம் உண்டு, பழைய வேலைக்காரருக்கும் விசுவாசம் உண்டு என்கிறோம். விட்டுப் போகாமல் இருப்பதுதான் அங்கே அர்த்தம். தேவாலயத்துக்குள் போனதும் அதே சொல் கடவுள்மேல் வைக்கும் நம்பிக்கையாகிறது. ஏம்ஸிடம் இரண்டும் ஒன்று. ஊரை விட்டுப் போகவில்லை, சபையை விட்டுப் போகவில்லை. மாடியறையில் பெட்டி பெட்டியாகப் பிரசங்கங்கள் இருக்கின்றன. அவரே கணக்குப் போடுகிறார்: வருஷத்துக்கு 50 வீதம் 45 வருஷம், மொத்தம் 2,250 பிரசங்கங்கள், 67,500 பக்கங்கள்.

இதோடு நின்றிருந்தால் 'கிலியட்' மனசுக்கு இதமான ஒரு புத்தகம். இணையத்தில் அதைக் கொண்டாடுகிறவர்களில் பலர் இதோடு நின்றும்விடுகிறார்கள். எனக்கு அது முக்கியமான நாவலாகத் தெரிவது, இந்தக் கணக்கில் சேராத ஒரு பிரசங்கத்தால்.

முதல் உலகப்போர் காலத்தில் விஷக்காய்ச்சல் பரவி இளைஞர்கள் செத்துக்கொண்டிருந்தபோது, போரைக் கண்டித்து ஏம்ஸ் ஒரு பிரசங்கம் எழுதினார். முந்தைய நாள் ராத்திரி அடுப்பில் போட்டு எரித்துவிட்டார். கேட்க வரப்போவது சில வயதான பெண்கள்; ஏற்கெனவே துக்கத்தில் இருக்கிறவர்கள், போரை வெறுப்பவர்கள். அவர்களை ஏன் மேலும் வருத்தவேண்டும்? நல்ல காரணம். கருணையான காரணமும்கூட. ஆனால் மறுமையில் பதில் சொல்லத் துணியக்கூடிய ஒரே பிரசங்கம் ஒருவேளை அதுவாக இருந்திருக்கலாம் என்று அவரே எழுதுகிறார்.

அன்றாடம் விசுவாசத்தை வளர்க்கிறது என்று நாவல் காட்டுகிறது. அதே அன்றாடம் அதைத் தூங்கவைக்கும் என்றும் காட்டுகிறது.

மூன்று தலைமுறைகளை வரிசையில் வைத்துப் பாருங்கள். தாத்தா, அடிமைமுறை ஒழிப்புக்காகக் கன்சாஸில் ஜான் பிரௌனின் ஆட்களோடு நின்றவர், உள்நாட்டுப் போரில் ஒரு கண்ணை இழந்தவர். இடுப்பில் துப்பாக்கியோடு பிரசங்கித்தவர். வீட்டில் இருப்பதையெல்லாம் ஏழைகளுக்கு எடுத்துக் கொடுத்துக் குடும்பத்தைப் படாதபாடு படுத்தியவர். அப்பா, அந்த ரத்தத்தைப் பார்த்து வெறுத்துச் சமாதானவாதியானவர். மகன், நல்ல மனிதர். தாத்தாவின் விசுவாசம் பயமுறுத்தும், அப்பாவுடையது வாதாடும், மகனுடையது யாரையும் தொந்தரவு செய்யாது. இது வளர்ச்சியா, தேய்வா?

கிலியட்டில் கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்று இருந்தது. பல வருஷங்களுக்கு முன் அதன் பின்சுவரில் யாரோ தீ வைத்தார்கள். அந்தச் சபையார் ஊரைவிட்டுச் சிகாகோவுக்குப் போய்விட்டார்கள். அடிமைமுறையை எதிர்த்தவர்கள் குடியேறி உருவாக்கிய ஊர் இது. இப்போது அங்கே ஒரு கறுப்பினக் குடும்பம்கூட இல்லை. பிற்பாடு பேச்சில் அந்தத் தீ வரும்போது, அது சின்னத் தீ, எப்போதோ நடந்தது என்கிறார் ஏம்ஸ்.

எங்கள் மென்பொருள் துறையில் எழுதாத விதி ஒன்று உண்டு: "ஓடுறதைத் தொடாதே." பல வருஷமாகப் புகார் வராத நிரலை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எல்லாம் சரியாக இருப்பதால் புகார் வரவில்லையா, புகார் சொல்ல வேண்டியவர்கள் போய்விட்டதால் வரவில்லையா என்று கேட்பதும் இல்லை. கிலியட்டின் அமைதி அப்படிப்பட்டது.

அதைக் கலைக்க வருகிறவன் ஜாக் பௌட்டன், ஏம்ஸின் உயிர் நண்பரான இன்னொரு போதகரின் மகன். பிள்ளையில்லாத நண்பருக்காக அவர் பெயரையே அவனுக்கு வைத்தார்கள்: ஜான் ஏம்ஸ் பௌட்டன். ஞானஸ்நானம் கொடுக்கும் நேரத்தில்தான் ஏம்ஸுக்கே அது தெரியவந்தது. முதல் மனைவியையும் பெண் குழந்தையையும் பிரசவத்தில் பறிகொடுத்தவர் அவர். இது என் பிள்ளையில்லை என்று மனசு இறுகிப்போகிறது. அன்று ஞானஸ்நானம் கொடுத்தது கைதான், மனசு கொடுக்கவில்லை. வளர்ந்த ஜாக் திருடினான். ஒரு ஏழைப் பெண்ணுக்குக் குழந்தையைக் கொடுத்துக் கைவிட்டான். அந்தக் குழந்தை செத்தும்போனது. ஏம்ஸின் வெறுப்புக்குக் காரணங்கள் தாராளமாக இருக்கின்றன.

இப்போது நாற்பதைத் தாண்டிய ஜாக் ஊர் திரும்பியிருக்கிறான். தேவாலய இருக்கையில் தன் மனைவியும் மகனும் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறார் கிழவர். தான் செத்தபிறகு அந்தக் குடும்பம் எப்படியிருக்கும் என்று கண்முன் தெரிகிறது. பிரசங்கம் எழுதிவைத்ததை விட்டு விலகுகிறது. பிள்ளைகளைக் கைவிடும் தகப்பன்களைப் பற்றிப் பேசுகிறார். ஜாக்கின் முகம் வெளுக்கிறது. 2,250 பிரசங்கம் செய்த மேடை அன்றைக்கு ஓர் ஆயுதம். ராபின்சன் இதை ஏம்ஸின் வாயாலேயே சொல்லவைக்கிறார், சாக்குப்போக்குகளோடு சேர்த்து.

பிறகுதான் ஜாக் வந்த காரணம் தெரிகிறது. டெல்லா என்ற கறுப்பினப் பெண்ணோடு அவன் வாழ்கிறான். ஒரு மகன் இருக்கிறான். அவர்கள் வாழ்ந்த மிசௌரியில் அந்தத் திருமணம் சட்டப்படி செல்லாது. இப்படிப்பட்ட சட்டங்களை உச்ச நீதிமன்றம் நீக்கியது 1967இல்தான். அயோவாவில் தடை இல்லை. நாங்கள் மூன்று பேரும் கிலியட்டில் வாழ முடியுமா, உங்கள் பேச்சுக்கு இங்கே மதிப்பிருக்கிறதே என்பதுதான் அவன் கேட்க வந்தது. ஏம்ஸ் தன் இதய நோயைப் பற்றிச் சொல்கிறார்.

நாவலின் மையம் எனக்கு இந்த இடம்தான். கெட்ட மனிதர் யாரும் இங்கே இல்லை. சொன்ன காரணமும் பொய்யில்லை. ஆனாலும் ஒரு கதவு சாத்தப்படுகிறது.

ஜாக் ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஏம்ஸ் பேருந்து நிற்கும் இடம்வரை கூடவே நடக்கிறார். தன் பழைய ஃபாயர்பாக் பிரதியை அவனுக்குக் கொடுக்கிறார். நெற்றியில் கைவைத்து, அவன் முழுப் பெயரைச் சொல்லி ஆசீர்வதிக்கிறார். இறையியல் படிப்பும் இத்தனை வருஷ ஊழியமும் இந்த ஒரு கணத்துக்காகவே என்றாலும் தகும் என்று நினைக்கிறார். நாற்பது வருஷத்துக்கு முன் கை மட்டும் செய்ததை இன்றைக்கு மனசும் சேர்ந்து செய்கிறது. விசுவாசம் வளர்வது என்றால் இதுதான் என்று தோன்றுகிறது. புதிதாக எதையும் நம்ப ஆரம்பிக்கவில்லை. சொல்லிச் சொல்லித் தேய்ந்த பழைய வார்த்தை, நேசிக்க முடியாத ஒருத்தன் தலையில் கைவைத்தபோது உண்மையாகிறது.

இந்த ஆசீர்வாதம் போதுமா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஜாக்குக்கு ஆசீர்வாதம் கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. டெல்லாவும் பையனும் கிலியட்டுக்கு வரவில்லை. ராபின்சன் ஏம்ஸை மன்னித்துவிட்டார் என்று குறைசொல்வோர் கட்சியில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் ஏம்ஸ் சொல்லாமல் தாண்டிப்போகும் எல்லாவற்றையும் நாவல் பத்திரமாக வைத்திருக்கிறது. எரேமியா தீர்க்கதரிசி காயத்துக்கு மருந்து தேடிக் கேட்ட இடத்தின் பெயரைத்தான் ஊருக்கு வைத்திருக்கிறார் ராபின்சன். தைலம் அங்கே இருக்கிறது என்று அவர் சத்தியம் செய்யவில்லை.

அந்தக் கறுப்பினச் சபையின் போதகர் போவதற்கு முன் ஏம்ஸைப் பார்க்க வந்தார். தன் தேவாலயத்து முன்னாலிருந்து தோண்டியெடுத்த லில்லிச் செடிகளைக் கொடுத்தார். அவை இன்றைக்கும் ஏம்ஸின் தேவாலய முகப்பில் வரிசையாகப் பூக்கின்றன. கட்டடம் ஒருநாள் இடிக்கப்படும். செடிகளையாவது காப்பாற்றுவார்கள், அவை எங்கிருந்து வந்தன என்று சபை டீக்கன்களிடம் சொல்லிவைக்கவேண்டும் என்று எழுதுகிறார்.

சொன்னதாக நாவலில் இல்லை. மகனுக்கு எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். அந்தப் பையன் வளர்ந்து இதைப் படிக்கும்போது எப்படியும் 1970ஐ ஒட்டி வந்துவிடும். அப்பா ஆசீர்வதித்ததையும் படிப்பான், சொல்லவேண்டும் என்று நினைத்ததையும் படிப்பான். செடிகள் இருக்கின்றனவா என்று போய்ப் பார்க்கவேண்டியது அவன்தான்.