எந்திரத்தின் திணை

பிராட் பேர்டு இயக்கிய 'தி அயர்ன் ஜயன்ட்' (1999) என்னும் அசைவூட்டப் படம், போதிய விளம்பரமின்றித் திரையரங்குகளில் தோல்வியுற்றது. வீடியோவாலும் தொலைக்காட்சியாலும் பின்னர்ப் பெருமதிப்புற்று, 2015இல் மீண்டும் திரையிடப்பட்டது. டெட் ஹியூஸின் கதையைத் (1968) தழுவிய இப்படத்தின் வலிமை சொற்சிக்கனமாகும். சிறுவன் ஹோகார்த்திடம் கல், மரம் எனப் பெயர்களைக் கற்கும் எந்திரம், தன்னைத் துப்பாக்கியென ஏற்க மறுக்கும் எதிர்மறைத் தொடரை இறுதியில் எட்டுகிறது.

இத்தொடரைத் தமிழாக்குவோர்க்கு 'அல்லேன்' இலக்கணத்துக்கு இயைந்ததே. எனினும் மழலை பேசும் எந்திரத்திற்கு 'இல்லை' என்பதே பொருந்தும். தன்மையில் திணை வேறுபாடு இல்லை. படர்க்கையிலோ 'அது', 'அவன்' என்பனவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். வினைமுற்றும் அதனைப் பின்பற்றும். எங்கும் 'அவன்' என எழுதின், அது கருவியா உயிரா என்னும் படத்தின் வினாவே மறைந்துவிடும். படையினர் கூற்றில் 'அது', சிறுவன் கூற்றில் 'அவன்' என அமைப்பதே தகும்.