செயினின் தொய்வு

சிராங்கூன் சாலை சிக்னலில் நிற்கும் டெலிவரி மோட்டார் சைக்கிளின் செயினைப் பாருங்கள். கீழ்ப்பக்கம் லேசாகத் தொய்ந்திருக்கும். பல வண்டிகளில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். முறுக்கி இறுக்கிவிட்டால் பேரிங்குக்குத்தான் கேடு. பள்ளத்தில் பின்சக்கரம் ஏறி இறங்கும்போது அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் வில்லாக நகர்கிறது. அது ஊசலாடும் அச்சு ஓரிடம், முன் பல்சக்கரத்தின் மையம் வேறிடம். அதனால் இரு பல்சக்கரங்களுக்கும் நடுவே தூரம் மாறுகிறது. அச்சும் இரு பல்சக்கர மையங்களும் ஒரே கோட்டில் வரும் கணத்தில் செயின் மிக இறுகும். தொய்வு அந்தக் கணத்துக்காக.

மேடுபள்ளத்தில் ஓட்டும் பக்கி வண்டியை வீட்டிலேயே கட்டுபவர்களுக்கு இந்தத் தொய்வு போதாது. மண்மேட்டில் சக்கரம் வெகுதூரம் எழும்பும். அதற்கேற்ற தொய்வு வைத்தால் செயின் கழன்றுவிடும். அவர்கள் கண்ட வழி அழகானது: ஆர்ம் ஊசலாடும் அச்சிலேயே ஓர் இடைத்தண்டு. எஞ்சினிலிருந்து ஒரு செயின் அதற்கு, அதிலிருந்து இன்னொன்று சக்கரத்துக்கு. சக்கரம் எவ்வளவு எழுந்தாலும் தூரம் மாறாது!

இப்படிப்பட்ட கைகளுக்குப் பழைய உதிரிபாகங்கள் வேண்டும். லிட்டில் இந்தியாவுக்கு அருகே, தரையில் விரித்து விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10-உடன் முடிந்துபோனது பெரிய இழப்பு.

இடைத்தண்டு வைத்தாலும் தேய்மானத்தில் செயின் நீளும்; இறுக்கும் போல்ட்டுக்கு இடம் விட்டே வெல்டிங் செய்ய வேண்டும்.